மனை வாங்கும்போது வரும் கோளாறுகள்: அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

தமிழ்நாட்டில் ஒரு துண்டு நிலத்துக்கு மூன்று இடத்தில் கணக்கு இருக்கிறது. யார் யாருக்கு எழுதிக் கொடுத்தார்கள் என்பது பதிவுத்துறையில். யார் பெயரில் பட்டா, எவ்வளவு பரப்பு, என்ன வகைப்பாடு என்பது வருவாய்த்துறையில். அங்கே வீடு கட்டலாமா, மனையாகப் பிரிக்க அனுமதி உண்டா என்பது சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்) அல்லது டிடிசிபியில் (நகர் ஊரமைப்பு இயக்ககம்). இப்போது கணினியில் இவற்றை இணைத்து வருகிறார்கள். உட்பிரிவு (ஒரு சர்வே எண்ணைத் துண்டுகளாகப் பிரிப்பது) தேவைப்படாத இடத்தில் பட்டா மாறுதல் பத்திரப் பதிவோடு சேர்ந்தே நடக்கிறது. ஆனால் நாற்பது ஐம்பது வருடத்துக்கு முந்தைய பிழைகள் எல்லாம் அப்படியே கணினிக்குள் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கம் பல வருடமாக மனை வாங்கி விற்கிறேன். நான் பார்த்த சிக்கல்களில் முக்கால்வாசி, இந்த மூன்று கணக்கில் ஒன்று மற்றொன்றோடு ஒத்துப்போகாததால் வந்தவை. அதனால் விநோதமாக எதையாவது பார்த்தால் நான் கேட்டுக்கொள்ளும் முதல் கேள்வி: இது எந்த அலுவலகத்துப் பிழை? அது தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பது தெரிந்துவிடும். பட்டாப் பிழைக்குப் பத்திர ஆபீசில் மூன்று மாதம் அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

கீழே உள்ள எந்த அறிகுறி தென்பட்டாலும் உடனே செய்ய வேண்டியது ஒன்றுதான்: அடுத்த தவணைப் பணத்தை நிறுத்துங்கள். "ரெண்டு நாள்ல சரி பண்ணிடலாம் சார், அதுக்குள்ள ஒரு அஞ்சு லட்சம் போட்டு வைங்க" என்று புரோக்கர் சொல்வார். சரி பண்ணிவிட்டு வாங்கிக்கொள்ளட்டும்.

ஈசி (வில்லங்கச் சான்று) சுத்தமாக இருக்கிறது, பட்டா வேறு யார் பெயரிலோ இருக்கிறது

இதுதான் அடிக்கடி வருவது. பதறவும் வேண்டாம், அலட்சியமும் வேண்டாம். காரணம் நான்கில் ஒன்றாக இருக்கும்.

விற்பவரோ அவர் அப்பாவோ பத்திரம் மட்டும் பதிந்துவிட்டுப் பட்டா மாற்றாமல் விட்டிருக்கலாம். பட்டாவில் இருக்கும் பெயர் ஈசியில் உள்ள பழைய உரிமையாளர் யாராவது ஒருவருடையதாக இருந்தால் இதுதான் விஷயம். விற்பவரையே பட்டா மாற்றச் சொல்லி, மாறிய பிறகு கிரயம் செய்யுங்கள். "நீங்க வாங்கினதும் உங்க பேருக்கே நேரா மாத்திக்கலாம்" என்பதை ஒப்புக்கொள்ளாதீர்கள். தாலுகா ஆபீசில் யாராவது ஆட்சேபணை கொடுத்தால் அது விற்பவர் தலைவலியாக இருக்க வேண்டும், உங்களுடையதாக அல்ல.

இரண்டாவது, கூட்டுப் பட்டா. ஒரே சர்வே எண்ணில் ஆறு பேர் பெயர் இருக்கும். யார் எந்த மூலை என்பது புலப்படத்தில் (நில எல்லையைக் காட்டும் சர்வே வரைபடம்) பிரிந்திருக்காது. உங்கள் ஆள் அதில் ஒருவராக இருந்தாலும், எந்தத் துண்டு அவருடையது என்பதற்கு மற்ற ஐந்து பேரின் சம்மதம் வேண்டும். பதிவு செய்த பாகப்பிரிவினை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் உட்பிரிவு போட்ட பிறகு வாருங்கள் என்று எழுந்துவிடலாம்.

மூன்றாவது, யுடிஆர் பிழை. எண்பதுகளில் நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பித்தபோது பக்கத்து நிலத்துக்காரர் பெயர் ஏறியது, அப்பா பெயர் மாறியது, ஒரு உட்பிரிவே காணாமல் போனது என்று ஏராளம். பழைய அ-பதிவேட்டையும் (கிராமத்து நிலங்களின் சர்வே எண், பரப்பு, உரிமையாளர் எழுதிய வருவாய்ப் பதிவேடு) யுடிஆர் அ-பதிவேட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பிழை எங்கே நுழைந்தது என்று தெரிந்துவிடும். இதைச் சரிசெய்ய கிராம நிர்வாக அலுவலரிடம் கெஞ்சிப் பயனில்லை. கோட்டாட்சியர், மாவட்ட வருவாய் அலுவலர் மட்டத்தில் மனுப் போட வேண்டும், எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் போகும், விசாரணை நடக்கும். மாதக்கணக்கு ஆகும். அவசரக்காரர் இந்த நிலத்தை விட்டுவிடலாம்.

நான்காவதுதான் ஆபத்து. பட்டாவில் உள்ள பெயருக்கும் ஈசியில் உள்ள யாருக்கும் சம்பந்தமே இருக்காது. இரண்டு குடும்பம் ஒரே நிலத்துக்கு வெவ்வேறு காகித வழியில் உரிமை கொண்டாடுகிறது என்று அர்த்தம். பட்டா என்பது உரிமைப் பத்திரம் இல்லை என்று நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கின்றன. ஆனாலும் பட்டா வைத்திருப்பவர் நிலத்தில் கால் ஊன்றி நின்றுகொண்டிருந்தால், தீர்ப்பு வரும்வரை நீங்கள் வெளியேதான் நிற்பீர்கள். நிலத்துக்குப் போய் அங்கே யார் உழுகிறார், யார் மாடு கட்டுகிறார் என்று டீக்கடையில் விசாரியுங்கள். வக்கீல் ஒபினியனில் வராத விஷயம் டீக்கடையில் வந்துவிடும்.

ஈசியில் எதுவுமே வரவில்லை

"பாருங்க சார், வில்லங்கமே இல்ல, நில் ஈசி" என்று பெருமையாக நீட்டுவார்கள். முப்பது வருடம் ஒரு பரிவர்த்தனையும் இல்லாத நிலம் உண்டுதான். ஆனால் ஈசி என்பது நீங்கள் கொடுத்த சர்வே எண்ணுக்கு வரும் பதில் மட்டுமே. கேள்வி தவறென்றால் பதிலும் வெறுமையாகத்தான் வரும்.

இன்றைக்கு 112/3அ1 என்று இருக்கும் துண்டு, 1990-ல் பத்திரத்தில் வெறும் 112/3 என்று எழுதப்பட்டிருக்கும். அதற்கு முன் 112 மட்டும். நகரப் பகுதியில் டவுன் சர்வே வந்த பிறகு வார்டு, பிளாக், டி.எஸ். எண் என்று எல்லாமே வேறு. நத்தம் (ஊர்க் குடியிருப்பு நிலம்) நிலவரித் திட்டத்தில் வந்த இடமென்றால் அங்கேயும் புது எண். ஆகவே இப்போதைய எண், தாய் எண், பழைய எண் மூன்றுக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். பதிவுத்துறையின் டிஎன்ரெஜிநெட் தளத்தில் ஈசியைக் காசில்லாமல் பார்க்கலாம். பத்துத் தடவை தேடினாலும் நஷ்டமில்லை.

சார்பதிவாளர் அலுவலக எல்லையும் மாறியிருக்கும். இப்போது ஒரு அலுவலகத்தில் இருக்கும் கிராமம் இருபது வருடத்துக்கு முன் வேறு அலுவலகத்தில் இருந்திருக்கலாம். அப்போதைய பதிவுகள் அங்கேதான். கணினியில் பொதுவாக 1975 வாக்கில் இருந்துதான் கிடைக்கும். அதற்கு முந்தையதற்குக் கையால் தேடி எழுதித் தரும் ஈசிக்கு விண்ணப்பிக்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு ஈசியில் வரவே வராத சங்கதிகள் உண்டு. பதிவு செய்யாத உயில். வாய்மொழியாகப் பிரித்துக்கொண்ட பாகம். பதிவு செய்யாமல் பத்திரத்தை மட்டும் அடகு வைத்து வாங்கிய பழைய வங்கிக் கடன். நடந்துகொண்டிருக்கும் சிவில் வழக்கு. கடனுக்கு செர்சாய் என்ற மத்திய அடமானப் பதிவேட்டில் தேடலாம். வழக்குக்கு இ-கோர்ட்ஸ் தளத்தில் விற்பவர் பெயர், அவர் அப்பா பெயர், சகோதரர்கள் பெயர் போட்டு அந்த மாவட்ட நீதிமன்றங்களில் தேடுங்கள். பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டு நான்கு விதமாக இருக்கும், நான்கையும் போடுங்கள். வழக்கு நடக்கும்போது வாங்கிய சொத்து அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டது. எனக்குத் தெரியாது என்று பின்னால் சொல்ல முடியாது.

சர்வே எண்ணுக்கு ஜீரோ வேல்யூ காட்டுகிறது

வழிகாட்டி மதிப்பை (பதிவுக்காக அரசு வைத்திருக்கும் விலை) பார்க்கப் போனால் பூஜ்யம். பத்திர ஆபீசில் "இது லாக் ஆகியிருக்கு" என்பார்கள். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவின்படி அரசு நிலம், கோயில் நிலம், வக்ஃப் நிலம், பூதான நிலம் (பூதான இயக்கத்துக்குத் தானமாக வந்தது) போன்றவற்றைப் பதிய முடியாது. அவை சம்பந்தப்பட்ட எண்களுக்கு மதிப்பைப் பூஜ்யமாக்கி வைத்திருப்பார்கள்.

முதலில் எந்தத் துறை கடிதம் கொடுத்து முடக்கியது என்று எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமை மனு இதற்கு நல்ல கருவி. பதிலைப் பொறுத்து வழி பிரியும்.

சர்வே எண் 45-ல் ஒரு மூலையில் முப்பது செண்டு கோயிலுக்குச் சொந்தம். ஆனால் 45/1 முதல் 45/9 வரை மொத்தத்தையும் முடக்கிவிட்டார்கள் என்பது சகஜம். உங்கள் உட்பிரிவு வேறு என்று புலப்படம், அ-பதிவேடு, பழைய பத்திரங்களோடு காட்டி அறநிலையத்துறையிடம் தடையின்மைச் சான்று வாங்கலாம். விற்பவர்தான் வாங்கித் தர வேண்டும்.

நிலமே கோயில் இனாமாக (கோயிலுக்காக மானியமாகக் கொடுத்தது) இருந்திருந்தால் கதை வேறு. 1963-ல் சிறு இனாம் ஒழிப்புச் சட்டம் வந்தபோது யாருக்கு ரயத்துவாரி பட்டா (அரசுக்கு நேரடியாக வரி கட்டும் நில உரிமை) கொடுத்தார்கள், பூசாரி குடும்பத்துக்கா கோயிலுக்கா, என்ன நிபந்தனையில் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த செட்டில்மெண்ட் உத்தரவின் நகல் கையில் இல்லாமல் யார் பேசினாலும் காதில் வாங்காதீர்கள்.

பஞ்சமி நிலம் என்று வந்தால் அதோடு விட்டுவிடுங்கள். ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று 1892-ல் தொடங்கி ஒப்படைக்கப்பட்டவை அவை. மற்றவர்களுக்கு விற்கக்கூடாது என்பது ஒப்படையின் நிபந்தனை. நான்கு கை மாறி, ஐந்தாவதாக வாங்கியவரிடமிருந்தும் அரசு திரும்ப எடுக்கலாம். மலிவாகக் கிடைக்கிறது என்றால் ஏன் மலிவு என்பது இதுதான். சட்டத்தை ஒதுக்கிவைத்துப் பார்த்தாலும் அது நாம் வாங்க வேண்டிய நிலம் இல்லை.

சென்னையைச் சுற்றி இன்னொரு வகை உண்டு. 1978-ஆம் ஆண்டின் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டத்தில் அரசு எடுத்துக்கொண்ட நிலம், ஆனால் பழைய சொந்தக்காரர் மனைபோட்டு விற்றுவிட்டார். சட்டம் 1999-ல் நீக்கப்பட்டது. அதற்குள் அரசு சுவாதீனம் எடுத்துவிட்டதா இல்லையா என்பதுதான் எல்லா வழக்கிலும் கேள்வி. இந்த மாதிரி மனையில் வரன்முறைப்படுத்திய உத்தரவு இருந்தால் மட்டும் மேலே பேசுங்கள்.

உரிமையாளரைக் கண்ணால் பார்த்ததே இல்லை, பவர் ஏஜெண்ட்தான் பேசுகிறார்

வெளிநாட்டில் இருப்பவர், வயதானவர், பவர் (தன் சார்பில் செயல்படும் அதிகாரம்) கொடுப்பது இயல்புதான். பவரால் மட்டும் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. ஏஜெண்ட் உரிமையாளருக்காகக் கையெழுத்துப் போடுகிறார், அவ்வளவே. எழுதிக் கொடுத்தவர் இறந்த நிமிடத்தில் சாதாரணப் பவர் காலாவதி. ஏஜெண்டிடம் பவர் பத்திரம் இருக்கும், முத்திரை இருக்கும், எல்லாம் இருக்கும், சொந்தக்காரர் மட்டும் இருக்க மாட்டார்.

பதிவின்போது உயிர்வாழ் சான்று கேட்பார்கள். அதோடு நிற்காமல் வீடியோ அழைப்பில் நீங்களே உரிமையாளரிடம் பேசுங்கள். "எந்த நிலம் விக்கிறீங்க, என்ன விலை?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் விலையும் ஏஜெண்ட் சொன்ன விலையும் பத்து லட்சம் வித்தியாசப்பட்டால், அந்தப் பத்து லட்சம் நாளைக்கு வழக்காக வரும். பணம் உரிமையாளர் கணக்குக்கே போகட்டும். ஏஜெண்ட் கணக்குக்குக் கேட்டால் பவரில் பணம் பெறும் அதிகாரம் எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். பவர் ரத்தாகியிருக்கிறதா என்பதைப் பதிவன்று காலையிலும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பிரிவினை முடிந்தது என்கிறார்கள், ஒரு கையெழுத்து மட்டும் இல்லை

பெரும்பாலும் அந்த ஒரு கையெழுத்து அக்காவுடையதாகவோ தங்கையுடையதாகவோ இருக்கும். "அதுக்குத்தான் கல்யாணத்துல நகை போட்டாச்சே" என்று அண்ணன் சொல்வார். நகை போட்டதற்குப் பத்திரம் இல்லை.

தமிழ்நாட்டில் 25.3.1989 முதலே, அன்றைக்குத் திருமணமாகாத மகளுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு உண்டு. மத்தியச் சட்டத் திருத்தம் 9.9.2005-ல் வந்து எல்லா மகள்களுக்கும் விரிந்தது. அப்பா அந்தத் தேதியில் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 20.12.2004-க்கு முன் பதிவு செய்து முடித்த பாகப்பிரிவினையை இது தொடாது. அப்பாவின் சுயசம்பாத்தியச் சொத்தாக இருந்து, உயில் எழுதாமல் இறந்திருந்தால், மகள் எப்படியும் வாரிசுதான். அம்மாவும்தான். அப்பாவின் அம்மா, அதாவது பாட்டி, உயிரோடு இருந்தால் அவரும்தான். பாட்டியை எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

தாசில்தார் கொடுக்கும் வாரிசுச் சான்றிதழை அப்படியே நம்பாதீர்கள். விண்ணப்பித்தவர் சொன்னதை வைத்து விசாரித்து எழுதியது அது. இரண்டாம் தாரத்துப் பிள்ளைகளை விட்டிருப்பார்கள். செல்லாத திருமணத்தில் பிறந்தவர்களுக்கும் பெற்றோர் பங்கில் உரிமை உண்டு என்று 2023-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. குடும்ப அட்டை, பத்திரிகை, ஊர்ப் பெரியவர் என்று எங்கெல்லாம் கேட்க முடியுமோ கேளுங்கள். நான் கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் கேட்டு வாங்குவேன். கருமாதிப் பத்திரிகையில் மொத்த வம்சமும் அச்சாகியிருக்கும். இதைவிட நல்ல வாரிசுப் பட்டியல் எந்த ஆபீசிலும் கிடைக்காது.

தீர்வு சுலபம்: விட்டுப்போனவர் விடுதலைப் பத்திரம் (தன் பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம்) எழுதித் தரட்டும், அல்லது கிரயப் பத்திரத்தில் விற்பவர்களில் ஒருவராகவே கையெழுத்திடட்டும். இரண்டாவதுதான் எனக்குப் பிடிக்கும். காசு அவர் கைக்கும் நேராகப் போகும், மனசும் நிறையும்.

காணாமல் போன வாரிசு என்றால் ஏழு வருடம் எந்தத் தகவலும் இல்லை என்பதைக் காட்டி நீதிமன்றத்தில் இறந்தவராகக் கருதும் தீர்ப்பு வாங்க வேண்டும். காவல் நிலையப் புகார் நகல் மட்டும் போதாது.

மைனர் பெயரில் உள்ள சொத்தென்றால் அப்பாவே விற்றாலும் நீதிமன்ற அனுமதி வேண்டும். அனுமதியில்லாமல் வாங்கினால், அந்தப் பிள்ளை பதினெட்டு வயதாகி மூன்று வருடத்துக்குள் வந்து ரத்து செய்யக் கேட்கலாம். பழைய பத்திரம் படிக்கும்போது இடையில் எங்காவது மைனர் வந்தால் அவர் இப்போது என்ன வயது என்று கணக்குப் போடுங்கள். 24 வயது என்றால் பெரும்பாலும் நிம்மதி, 19 என்றால் போய்ப் பார்த்து ஒப்புதல் கையெழுத்து வாங்குங்கள்.

அளந்தால் பரப்பு குறைகிறது

இதில் நானே அடிபட்டவன். பத்திரத்தில் 24 செண்டு. ஆள் வைத்து டேப் பிடித்துப் பார்த்தேன், சரியாகத்தான் வந்தது. பிறகு சர்வேயர் வந்து கல் நட்டபோது இருபத்தொன்றரைதான் எனக்கு. நான் அளந்ததில் பக்கத்துக்காரர் வரப்பும் சேர்ந்திருந்தது. அவர் அன்றைக்கு ஊரில் இல்லை. விற்றவரோ "பத்திரத்துல இருக்கிறதத்தான சார் கொடுத்தேன்" என்றார். அவர் சொன்னதும் ஒருவகையில் சரிதான். பத்திரத்தில் பரப்பும் நான்கெல்லையும் முரண்பட்டால் பொதுவாக எல்லைதான் நிற்கும், பரப்பு தோற்கும்.

அளவு மாற்றும்போதே பலருக்குத் தடுமாற்றம் வருகிறது. பட்டா ஹெக்டேர்–ஏர் கணக்கில் இருக்கும். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், செண்டில் 2.47. ஒரு செண்டு 435.6 சதுர அடி. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி, அதாவது ஏறத்தாழ ஐந்தரை செண்டு. பட்டாவில் 0-12.50 என்று இருந்தால் 12.5 ஏர், 30.9 செண்டு வரும். அதைப் பத்திரத்தில் 31 என்று முழுசாக்கி, அடுத்த பத்திரத்தில் 32 ஆகி, மூன்றாவதில் "சுமார் 33" ஆகியிருக்கும். பழைய பத்திரங்களில் பரப்பை மட்டும் வரிசையாக எழுதிப் பாருங்கள், எந்த வருடம் நிலம் வளர்ந்தது என்று தெரிந்துவிடும்.

ஆகவே அட்வான்சுக்கு முன் விற்பவர் பெயரிலேயே அரசு சர்வேயருக்கு அளவை விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். பக்கத்து நிலத்துக்காரர்களுக்கு நோட்டீஸ் போய், அவர்கள் முன்னிலையில் கல் நடட்டும். ஒப்பந்தத்தில் மொத்த விலையை எழுதாமல், செண்டுக்கு இவ்வளவு, அளந்து வருகிற பரப்புக்குப் பணம் என்று எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் அன்றைக்கு எனக்கு இரண்டரை செண்டு பணம் மிஞ்சியிருக்கும்.

நிலத்துக்குப் போகும் பாதை காகிதத்தில் இல்லை

நடந்து போகிறோம், வண்டி போகிறது, ஆனால் புலப்படத்தில் பாதை இல்லை. பக்கத்து நிலத்துக்காரர் இத்தனை நாள் சும்மா விட்டார், நீங்கள் காம்பவுண்டு எழுப்பியதும் வேலி போடுவார். இருபது வருடம் தடையில்லாமல் பயன்படுத்தியதைக் காட்டி வழக்காடலாம் என்பது உண்மை. வழக்குக்கு இன்னொரு பத்து வருடம் ஆகலாம் என்பதும் உண்மை. பாதை நிலத்துக்காரரிடம் பாதை உரிமையைப் பதிவு செய்த பத்திரமாக இப்போதே வாங்குங்கள், அல்லது அந்தப் பாதைத் துண்டை விலைக்கே வாங்கி, அந்தச் செலவை மனை விலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

"அப்ரூவ்டு" என்கிறார்கள், நம்பர் கேட்டால் மழுப்புகிறார்கள்

பஞ்சாயத்துத் தலைவர் கையெழுத்திட்ட வரைபடம் அப்ரூவல் ஆகாது. அனுமதி எண்ணைக் கேட்டு வாங்கி, அந்த வரைபடத்தை நீங்களே தனியாக எடுத்து, உங்கள் மனை எண் அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருக்கும் மனையின் அளவும் ஒத்துப்போக வேண்டும். 60 மனைக்கு அனுமதி வாங்கி 64 விற்றவர்கள் உண்டு. அந்த நாலும் பூங்காவுக்கென்று உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக் கொடுத்த திறந்தவெளி இடம். அதை வாங்கியவருக்குக் கட்டட அனுமதியும் வராது, குடியிருப்போர் சங்கத்தின் வழக்கு மட்டும் வரும்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டு மனைக்கு மேற்பட்ட புது மனைப்பிரிவென்றால் ரெரா (மனை வணிக ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணும் இருக்க வேண்டும்.

அனுமதியில்லாத மனையை ஏற்கனவே வாங்கிவிட்டீர்கள் என்றால் 20.10.2016 என்ற தேதியைப் பாருங்கள். அதற்கு முன் உருவான மனைப்பிரிவுகளுக்காக 2017-ல் வரன்முறை விதிகள் வந்தன. அதில் இரண்டு படி உண்டு. மனைப்பிரிவு மொத்தத்துக்கும் முதலில் கட்டமைப்பு ஒப்புதல், பிறகு உங்கள் மனைக்குத் தனியாக. முதல் படி ஆனதைக் காட்டி "ரெகுலரைஸ்டு" என்று விற்கிறார்கள். இரண்டாவது உத்தரவு கையில் வரும்வரை அது அரைக்கிணறு. தேதிக்குப் பின் உருவான அனுமதியற்ற மனைக்கு இந்த வழி கிடையாது.

அசல் பத்திரம் தொலைந்துவிட்டதாம்

தொலைந்திருக்கலாம், கறையான் தின்றிருக்கலாம். என் அனுபவத்தில் பாதி அசல்கள் யாரோ ஒருவர் பீரோவில் வட்டிக்கு அடகாகத் தூங்குகின்றன. காவல் நிலையத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை என்ற சான்று, நாளிதழ் அறிவிப்பு, பதிவு அலுவலகச் சான்றிட்ட நகல் மூன்றும் வரட்டும். அறிவிப்பு வந்து இரண்டு வாரமாவது காத்திருங்கள். அடகு வாங்கியவர் இருந்தால் அதற்குள் வந்துவிடுவார். நாளைக்கு நீங்கள் விற்கும்போதும் வங்கிக் கடன் வாங்கும்போதும் இந்தக் காகிதங்களையே காட்ட வேண்டியிருக்கும், விலையிலும் அதற்கேற்பக் குறைத்துக் கேளுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்தாச்சு, விற்பவர் போனை எடுப்பதில்லை

விலை ஏறிவிட்டது என்று அர்த்தம். ஒப்பந்தம் பதிவு செய்ததென்றால் ஈசியில் அது தெரியும், வேறொருவர் துணிந்து வாங்க யோசிப்பார். தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் கிரய ஒப்பந்தம் கட்டாயப் பதிவு. இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வைத்திருந்தால் உங்கள் நிலை பலவீனம்தான்.

ஒப்பந்தக் கெடு முடியும் முன்பே வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள்: மீதிப் பணம் தயாராக இருக்கிறது, இன்ன தேதியில் பதிவுக்கு வாருங்கள். அந்தத் தேதியில் உங்கள் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை உண்மையிலேயே இருக்க வேண்டும். ஒப்பந்தத்தை நிறைவேற்றக் கேட்கும் வழக்கில் நீதிபதி முதலில் பார்ப்பது அதைத்தான். வழக்குக்கு மூன்று வருடக் கெடு. ஆனால் மூன்றாவது வருடம் தூங்கி எழுந்து போனால் இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்பார்கள்.

ரொக்கமாக அட்வான்ஸ் கொடுத்தவர்களுக்கு இன்னொரு கோளாறு. அசையாச் சொத்துக்கு 20,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் ரொக்கமாக வாங்குவதே வருமான வரிச் சட்டத்துக்கு விரோதம். அபராதம் வாங்கியவருக்குத்தான். ஆனால் கொடுத்ததை நிரூபிக்க நீங்கள் வாய் திறக்கும்போது அது இருவருக்கும் சங்கடம்.

விற்பவர் சிங்கப்பூரில் இருக்கிறார்

50 லட்சம் அல்லது அதற்கு மேல் என்றால் ஒரு சதவீதம் வரி பிடிப்பது உள்நாட்டுக்காரரிடம் வாங்கும்போது. வெளிநாட்டில் வசிப்பவரிடம் வாங்கினால் அந்தக் கணக்கு செல்லாது. தொகை சிறிதானாலும் பிடிக்க வேண்டும், விகிதமும் பல மடங்கு. பிடிக்காமல் விட்டால் வரித்துறை உங்களிடம்தான் கேட்கும். குறைந்த விகிதத்துக்கான சான்றை விற்பவர் முன்கூட்டியே வாங்கட்டும், அதற்கு வாரக்கணக்கில் ஆகும்.

வங்கி ஏலத்தில் எடுத்தேன், உள்ளே ஆள் இருக்கிறார்

ஏல அறிவிப்பில் "அடையாளச் சுவாதீனம்" என்று எழுதியிருந்ததை நீங்கள் படிக்காமல் விட்டிருப்பீர்கள். வங்கி கதவில் நோட்டீஸ் மட்டும் ஒட்டியிருக்கிறது, சாவி வாங்கவில்லை என்பது அதன் பொருள். மாவட்ட ஆட்சியர் அல்லது தலைமை நீதித்துறை நடுவர் மூலம் ஆளை வெளியேற்ற வங்கிதான் மனுப் போட வேண்டும். அதற்கு நாளாகும். குடியிருப்பவர் அடமானத்துக்கு முன்பே முறையான வாடகை ஒப்பந்தம் வைத்திருந்தால் இன்னும் நாளாகும். கடன் வாங்கியவர் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்கும் போவார்.

பணத்துக்கோ கெடு இரக்கமில்லாதது. ஏலம் முடிந்த அன்றே அல்லது அடுத்த வேலை நாளில் 25 சதவீதம், உறுதியானதும் 15 நாளில் மீதி, நீட்டித்தாலும் மூன்று மாதத்துக்கு மேல் போகாது. தவறினால் கட்டியது போச்சு. அதனால் ஏலத்துக்கு முன்பே வங்கிக் கடனுக்குப் பேசி வையுங்கள், அந்த வீட்டுக் கதவை நீங்களே போய்த் தட்டிப் பாருங்கள்.

பதிவும் முடிந்த பிறகு, அதே மனைக்கு இன்னொரு பத்திரம் முளைக்கிறது

தேதியைப் பாருங்கள். ஒரே ஆள் இருவருக்கு விற்றிருந்தால் முந்தையது நிற்கும். பின்னால் விற்க அவரிடம் எதுவும் மிச்சமில்லை. அது ஆள் மாறாட்டம் செய்து போலியாக எழுதியதென்றால் மாவட்டக் குற்றப்பிரிவின் நில மோசடி தடுப்புப் பிரிவில் புகார் கொடுங்கள். பத்திரத்தில் உள்ள கைரேகையும் புகைப்படமும்தான் அங்கே சாட்சி.

2022-ல் பதிவுச் சட்டத்தில் 77-அ என்று ஒரு பிரிவு சேர்த்து, போலிப் பத்திரத்தை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்யலாம் என்றார்கள். பலர் அதை நம்பி மனுப் போட்டார்கள். 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது. ஆகவே "பதிவாளர்கிட்ட மனு கொடுத்தா முடிஞ்சுது" என்று இன்றும் யாராவது ஆலோசனை சொன்னால் அவர் பழைய கதை சொல்கிறார். சிவில் நீதிமன்றத்தில் விளம்புகைப் பரிகாரமும் (சொத்து உங்களுடையது என்ற அறிவிப்பு) இடைக்காலத் தடையும் கேட்டு வழக்குப் போட வேண்டும். வழக்கு எண் கிடைத்ததும் சார்பதிவாளருக்கும் தாசில்தாருக்கும் பதிவுத் தபாலில் நகல் அனுப்பி, ஒப்புகை அட்டையைக் கோப்பில் வையுங்கள். அதே வாரத்தில் நான்கு மூலையிலும் கல் நட்டு, கம்பி வேலி போட்டு, தேதி தெரிகிற மாதிரி படம் எடுத்துக்கொள்ளுங்கள். சொத்து வரி, காலிமனை வரி ரசீதுகள் எதையும் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.